விளக்கின் நிறமும் படத்தின் நிறமும்

அம்பாறைக் கரையோரத்திலே, ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்துள்ள பாலமுனையில் ஒரு கலியாண வீட்டை நேயர்கள் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வார்களாக. நேரம் இரவு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே இக்கரையின் வழக்கமாதலால், ஊரும் உறவும் அவ்வீட்டின் நடுக்கூடத்திலே கூடியிருக்கின்றன. சுவருக்கு இளம்பச்சைப் பூச்சு. கூரையிலே இரண்டு குழல்விளக்குகள். வாசற்பந்தலிலே பழைய மஞ்சள் மின்குமிழ்கள். மணமகள் அமரும் இடத்துக்குப் பின்னே பல நிறத்தில் மின்னும் சரவிளக்குகள். கூடியிருப்போர் கண்ணுக்கு மணமகளின் சேலை சிவப்பாகவும் மாப்பிள்ளையின் தொப்பி வெள்ளையாகவுமே தோன்றுகின்றன.

மறுவாரம் படங்கள் வந்து சேர்கின்றன. ஒன்றிலே தொப்பி மஞ்சள். இன்னொன்றிலே அதே தொப்பி பச்சை. மணமகளின் முகமோ நெடுநாள் நோயிற் கிடந்தவர் முகம்போல் வெளிறிக் கிடக்கிறது. படம் பிடித்தவருக்குத் தொழில் தெரியாது என்று வீட்டார் முடிவு செய்துவிடுவர். கமராவிலே கோளாறு என்று அவர் சாதிப்பார். உண்மையில் கமரா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது, அதுவும் நன்மைக்காகச் சொன்னது, கூடியிருந்தோரின் கண்.

வெள்ளைக் காகிதம் ஒன்றை முற்றத்து வெயிலிலே பார்த்தாலும் வெள்ளைதான். குப்பி விளக்கின் முன்னே வைத்துப் பார்த்தாலும் வெள்ளைதான். ஆனால் குப்பி விளக்கின் முன்னே அக்காகிதத்திலிருந்து கண்ணுக்குள் வந்து விழும் ஒளி பெரும்பாலும் செம்மஞ்சளே. கண்ணும் மூளையும் சேர்ந்து, சுற்றியுள்ள ஒளியின் நிறம் இன்னதென்று மதிப்பிட்டு, அதனைக் கழித்துவிட்டு எஞ்சியதையே பொருளின் நிறமாகக் காட்டுகின்றன. 1789ஆம் ஆண்டிலே காஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திலே இதனை நேரிற் காட்டினார். சிவப்புக் கண்ணாடியினூடே சிவப்புக் காகிதத்தைப் பார்த்தவர்களுக்கு, அது கடுஞ்சிவப்பாகத் தோன்றாமல் வெளுத்துத் தோன்றிற்று. கமராவுக்கு இத்தகைய கழித்தற் கணக்கு இயல்பாக வராது. விழுந்த ஒளியை விழுந்தவாறே பதிந்துவைப்பது அதன் குணம்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் வெப்பநிலை அலகினாற் குறிப்பர். கொல்லன் உலையிலே இரும்பு முதலிற் செந்நிறமாகப் பழுத்து, சூடு ஏற ஏற மஞ்சளாகிப் பின் வெண்மை கொள்வதைக் கண்டவருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். மெழுகுதிரிச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். இழை எரியும் மின்குமிழ் 2700 முதல் 2900 வரை. நண்பகல் ஒளி 5500 அளவு. நீலவானின் ஒளி மட்டும் படும் நிழல் 7000க்கும் மேல். சூடு மிகுந்தால் நீலம் மிகும். ஆயினும் மஞ்சள் ஒளியைச் சூடானதென்றும் நீல ஒளியைக் குளிர்ந்ததென்றும் பேச்சிலே தலைகீழாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அதை இனி மாற்றுவது எளிதன்று.

பிலிம் சுருள் ஆண்ட காலத்திலே இச்சிக்கலுக்குப் பரிகாரம் கடையிலேயே விற்றது. 1935இல் வெளிவந்த கோடாக்குரோம் போன்ற வர்ணப் பிலிம்களிலே பகல் ஒளிக்கு ஒரு வகையும் விளக்கொளிக்கு ஒரு வகையும் இருந்தன. பகலுக்குரிய பிலிமை விளக்கடியிற் பயன்படுத்த நேர்ந்தால், 80ஏ என்ற நீலக் கண்ணாடியை வில்லையின் முன்னே பொருத்துவர். அக்கண்ணாடி நான்கில் ஒரு பங்கு ஒளியையே உள்ளே விடும். அரை இருட்டு வீட்டிலே இது பெரும் நட்டம். ஆதலினாற்றான் பழைய கலியாண அல்பங்களிலே மஞ்சள் படிந்த படங்கள் அத்தனை காணப்படுகின்றன.

குழல்விளக்கின் கதை வேறு. அது சூட்டினால் ஒளிர்வதன்று. உள்ளேயுள்ள பாதரச ஆவியின் புறஊதாக் கதிர் பட்டுக் குழாயின் உட்பூச்சு ஒளிர்கிறது. அவ்வொளியிலே எல்லா நிறங்களும் ஒரே சீராக இருப்பதில்லை. பழைய வகைக் குழல்களிலே பச்சை மேலோங்கி நிற்கும். பாலமுனை மணமகளின் முகம் வெளிறியதற்கு இது பாதிக் காரணம். பச்சைச் சுவரிற் பட்டுத் திரும்பிய ஒளி மறு பாதி. இதனைத் திருத்த நீலம் கூட்டினால் மட்டும் போதாது. பச்சைக்கு எதிரான மஜந்தா நிறத்தையும் கூட்ட வேண்டும். மேலும், இந்நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று உடையதாதலால், பழைய சோக் பொருத்திய குழல்விளக்கு செக்கனுக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கமராவின் ஷட்டரை நூற்றிலொரு செக்கனுக்கும் விரைவாக வைத்தால், அடுத்தடுத்து எடுத்த இரு படங்களும் இரு நிறமாக வரும். ஐம்பதிலொன்று அல்லது நூற்றிலொன்று என்று வைத்துக்கொள்வதே தக்கது.

இக்கால எண்முறைக் கமராவும் கைத்தொலைபேசியும் தாமாகவே நிறத்தைச் சரிசெய்து கொள்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். செய்கின்றனதாம். ஆனால் எப்படி? காட்சியிலுள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் நிறம் வரும் என்பது அவை கொள்ளும் அடிப்படை ஊகங்களுள் ஒன்று. கடற்கரையிலே இவ்வூகம் பெரும்பாலும் பலிக்கும். சிவப்புச் சேலை சட்டம் முழுவதையும் நிறைக்கும்போது, விளக்குத்தான் சிவப்பு என்று கருவி தவறாக எண்ணிச் சிவப்பைக் குறைத்துவிடுகிறது. சேலை மங்குகிறது, முகம் இரத்தமற்றுப் போகிறது. கலியாண வீட்டிலே கருவியின் தன்னியக்கத்தை நம்புவது ஆபத்து.

பின்னர்க் கணினியிலே திருத்தலாம் என்பதும் ஓரளவுக்கே உண்மை. மஞ்சள் விளக்கின்கீழ் எடுத்த படத்திலே நீலப் பதிவு மிகச் சிறிது. அச்சிறிதைப் பெருக்கித்தான் வெண்மை வரவழைக்க வேண்டும். தூரத்து நிலையம் ஒன்றைத் தேடிப் பிடித்து ஒலியைக் கூட்டும்போது பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெருகுவதை வானொலி நேயர்கள் அறிவர். படத்திலும் அவ்வாறே, நிழற்பகுதிகளிலே நீலப் புள்ளிகள் மணல்போல் எழும். சிவப்புப் பதிவு நிரம்பி வழிந்திருந்தாலோ சேலையின் சரிகையும் மடிப்பும் மீளவே மாட்டா. ஆதலால் மூலப் பதிவாகிய ரோ வடிவத்திலே படமெடுத்து வைப்போர் புத்திசாலிகள். அதிலே நிறத்தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

தீர்ப்புக்குச் சாட்சி வேண்டுமல்லவா? சாம்பல் அட்டையே நல்ல சாட்சி. விழும் ஒளியிற் 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுநிலை நிறம் அது. மணமகள் அமரப்போகும் இடத்தில் அதனை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டால், கருவியிலேயே வெண்சமநிலையை அமைத்துக்கொள்ளலாம். பின்னர்க் கணினியிலும் அதையே அளவுகோலாக வைக்கலாம். அட்டை இல்லாதபோது மாப்பிள்ளையின் வெள்ளைத் தொப்பியையோ சட்டையையோ சாட்சியாகக் கொள்வோர் உளர். அங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் வீடுகளிலே வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டு அலசுவது வழக்கம். அந்த நீலச்சாயலையே வெள்ளை என்று கணினிக்குச் சொன்னால், அது நீலத்தைக் கழித்து முழுப் படத்தையும் மஞ்சளாக்கிவிடும்!

ஒளிமூலங்கள் இரண்டு கலந்தால் எந்தக் கணக்கும் முழுதாகச் சரிவராது. யன்னலோரக் கன்னம் நீலமாகவும் விளக்கோரக் கன்னம் மஞ்சளாகவும் இருக்கும் முகத்திலே ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். ஒரு விளக்கை அணைப்பதே மருந்து. வீட்டாரிடம் கேட்கக் கூசக் கூடாது. பிளாஷ் போடுவதானால், மஞ்சள் மின்குமிழ் எரியும் இடத்திலே அதன்மேல் செம்மஞ்சள் நிறத்தாளைச் சுற்றி, இரண்டையும் ஒரே நிறமாக்கிக் கொள்ளலாம்.

இப்போது குழல்விளக்கின் இடத்தை எல்.ஈ.டி. விளக்கு பிடித்து வருகிறது. நீல ஒளி தரும் சிறு துண்டின்மேல் மஞ்சட் பூச்சிட்டு வெண்மை காட்டுவது அதன் முறை. மலிவான வகைகளிலே ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. கல்முனைக்கு வடக்கே மருதமுனையிலே தறியில் நெய்த சிவப்புச் சேலையை இத்தகைய விளக்கின்கீழ்ப் படமெடுத்து அனுப்பினால், பெறுபவர் காண்பது செங்கல் நிறமாக இருக்கக்கூடும். சேலை கையிற் கிடைத்ததும், காட்டியது வேறு கொடுத்தது வேறு என்ற பழி நெய்தவரின் தலையிலே விழும். ஒளியில் இல்லாத நிறத்தை எந்தத் திருத்தமும் உண்டாக்க முடியாது. துணியைத் திண்ணை நிழலுக்கு எடுத்துச் செல்வதே வழி.

2015 பெப்ரவரியில் உலகையே இரு கட்சியாக்கிய படமும் கலியாணத்தைச் சார்ந்ததே. ஸ்கொத்லாந்துக் கலியாணம் ஒன்றுக்கென வாங்கிய உடை அது. மஞ்சள் விளக்கொளியிலே இருப்பதாகக் கருதியோர் அதனை நீலமும் கறுப்புமாகக் கண்டனர். நீல நிழலிலே இருப்பதாகக் கருதியோர் வெள்ளையும் பொன்னுமாகக் கண்டனர். உடை உண்மையில் நீலமும் கறுப்புமே. விளக்கின் நிறம் படத்திலே தெளிவாகத் தெரியாதபோது கண்ணும் ஊகத்தில் இறங்கிவிடுகிறது.

இனி, திருத்தம் என்ற பெயரிலே நடைபெறும் ஓர் அநியாயத்தையும் சொல்லவே வேண்டும். விளக்கின் மஞ்சளைக் கழிப்பது திருத்தம். மணமகளின் மாநிறத்தையும் அதனோடு சேர்த்துக் கழித்து அவளை வேறொருத்தியாக்குவது திருத்தமன்று. கன்னத்தின் நிறம் விளக்கிலிருந்து வந்ததா, பிறப்போடு வந்ததா என்று சாம்பல் அட்டை சொல்லிவிடும். வீட்டார் கேட்டாலும் படம்பிடிப்பவர் அதற்கு மேல் போகாதிருத்தல் நன்று.

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது இக்கரையின் வீடுகளிலிருந்து அள்ளிச் சென்றவற்றுள் கலியாண அல்பங்களும் உண்டு. வெளியூர் உறவினரிடம் தப்பியிருக்கும் ஒரு பிரதி, மஞ்சள் மின்குமிழின்கீழ்ப் பகற் பிலிமில் எடுத்ததாயின், அதைத் திருத்துவோருக்குச் சாம்பல் அட்டை கிடையாது. சுவர்க் கடிகாரத்தின் முகமோ, வெற்றிலைத் தட்டின் வெள்ளி விளிம்போதான் சாட்சி. மூலத்தைத் தொடாமல் ஒரு நகலிலே வேலை செய்து, முகத்திலே உயிர் வரும்வரை மஞ்சளைக் கழித்து, சிறிது மஞ்சளை அப்படியே விட்டுவிடலாம். அந்த இரவிலே அந்த விளக்குத்தானே எரிந்தது.