சதுரங்கச் சபையும் அதன் காவலரும்

சதுரங்கம் இருவர் ஆடும் ஆட்டம் என்பர். பலகையின் இருபுறத்தும் இருவர் அமர்கின்றனர். முப்பத்திரண்டு காய்கள் அவர்களுக்கிடையே நிற்கின்றன. மூன்றாமவருக்கு அங்கே வேலை ஏதும் இல்லை என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். ஆயினும் சற்று ஊன்றி நோக்கினால், அவ்விருவரையும் அப்பலகையின் முன் கொண்டுவந்து அமர்த்திய மூன்றாமவர் ஒருவர் உண்டு என்பது விளங்கும். இடம் தேடிக் கொடுத்தவர், சட்டம் சொல்லிக் கொடுத்தவர், ஆட்டத்தைக் குறித்து வைத்தவர், வழக்கு எழுந்தபோது தீர்த்து வைத்தவர் அவரே. அவரைச் சபையின் காவலர் என்று அழைப்பது பொருந்தும். ஆட்டக்காரரின் புகழ் நாடெங்கும் பரவுகிறது. காவலரின் பெயரோ பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. எனினும் அவர் இல்லாத ஊரில் சதுரங்கம் வேரூன்றுவதில்லை.

தென்மேல் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஹட்டன் நகரை நினைத்துப் பாருங்கள். மூடுபனி மலைச்சரிவை மறைக்கிறது, மழை ஓய்வதில்லை, பாடசாலை விளையாட்டுத் திடல் சேறாகக் கிடக்கிறது. வெளியே ஆட இயலாத பிள்ளைகள் வகுப்பறையின் ஒரு மூலையில் சதுரங்கப் பலகையை விரிக்கின்றனர். டிக்கோயாவிலிருந்து வரும் மாணவன் ஒருவனும் நோர்வூட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தியும் ஆடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மாணவன் தன் குதிரையைத் தொடுகிறான். பின்னர் ஆபத்தை உணர்ந்து கையை எடுத்துவிட்டு ராணியை நகர்த்துகிறான். "தொட்ட காயைத்தான் ஆட வேண்டும்" என்கிறாள் அவள். "எங்கள் தோட்டத்தில் அப்படிச் சட்டம் இல்லை" என்கிறான் அவன். சூழ நின்றோர் இரு கட்சியாகப் பிரிகின்றனர். யார் சொல்வது சரி என்று எடுத்துரைக்க அங்கு ஒருவரும் இல்லை. பலகை கவிழ்கிறது. அடுத்த வாரம் அம்மாணவி வருவதில்லை.

சிறுபிள்ளைகளின் சச்சரவுதானே என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் அன்று ஆட்டத்தை விட்டு விலகியவள் எத்தகைய திறமை உடையவளாக இருந்தாள் என்பதை இனி எவரும் அறியப் போவதில்லை. மலையகத்தில் இவ்வாறு அறியப்படாமலே போன திறமைகள் சதுரங்கத்தில் மட்டும் உள்ளவை அல்ல. வறுமை ஒரு காரணம் என்பது உண்மையே. ஆயின் ஒரு பலகையும் முப்பத்திரண்டு காய்களும் வாங்குதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. தேவைப்படுவது பலகையைச் சுற்றி அமையும் ஓர் ஒழுங்கு.

அத்தகைய ஒழுங்கினால் ஒரு நகரமே மாறியதற்குச் சென்னை சான்றாக நிற்கிறது. இன்று இந்தியாவில் எண்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டைச் சேர்ந்தோர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் தம் பதினெட்டாம் வயதில் உலக வாகையராகிய குகேஷும் சென்னைப் பிள்ளையே. இந்நிலை ஓரிரவில் வந்ததன்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் இந்தியாவில் பலர் பழைய நாட்டு வழக்கப்படியே சதுரங்கம் ஆடி வந்தனர். அவ்வழக்கில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அரசன் கோட்டை கட்டுதற்குப் பதிலாக ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். இடத்துக்கு இடம் வேறுபாடுகளும் இருந்தன. உள்ளூரில் வல்லவராக விளங்கியவர் வெளியூர் சென்றால் சட்டம் புரியாமல் திகைக்கும் நிலை இருந்தது. இச்சூழலில்தான் மானுவேல் ஆரன் அனைத்துலக முறையைக் கற்றுத் தேர்ந்து, 1961ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த போட்டியில் போர்ட்டிஷ், உல்மன் என்னும் இரு பெரும் ஆட்டக்காரர்களை வென்றார். தேசிய வாகையர் பட்டத்தை ஒன்பது முறை பெற்றார்.

இத்துணைச் சிறப்பும் அவர் ஆடிப் பெற்றது. ஆனால் பின்வந்த தலைமுறை அவருக்குக் கடன்பட்டிருப்பது வேறொரு பணிக்காக எனலாம். 1972ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு நிலையத்தில் மிகாயில் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் அவர் முயற்சியால் தொடங்கியது. பிற்காலத்தில் ஐந்து முறை உலக வாகையராகிய விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய இடம் அது. அங்கே விரைவாட்டத்தில் ஓர் எளிய வழக்கம் நிலவிற்று. வென்றவர் தம் இருக்கையில் தொடர்வார். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட்டு, மீண்டும் தம் முறை வரும்வரை காத்திருப்பார். வயதோ பதவியோ அங்கு கணக்கில் கொள்ளப்படவில்லை. பெரியவர் ஒருவர் சிறுவனிடம் தோற்றால் அவரும் எழுந்தே ஆகவேண்டும். சிறுவனும் இருக்கையை இழக்காமலிருக்க விரைந்து சிந்திக்கப் பழகினான். ஒரே ஒரு சட்டம், எல்லோருக்கும் பொதுவாகக் காக்கப்பட்டபோது, ஆசிரியர் பலர் செய்யும் வேலையைச் செய்துவிட்டது. ஆரன் அத்துடன் நில்லாது, 'செஸ் மேட்' என்னும் இதழின் ஆசிரியராகவும் இருந்து, ஆட்டங்களையும் செய்திகளையும் தொகுத்து வெளியிட்டு வந்தார். கழகத்துக்கு வர இயலாதவருக்கு இதழே கழகமாயிற்று.

ஆனந்தின் வாழ்வில் இன்னொரு காவலரும் உண்டு. 1970களின் இறுதியில் அவர் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் வாழ்ந்தது. அங்கே தொலைக்காட்சியில் நாள்தோறும் நண்பகலுக்குப் பின் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வந்தது. அதில் ஒரு புதிரும் இருக்கும். விடை அனுப்புவோருக்கு நூல் பரிசு. மகன் பள்ளியில் இருக்கும் வேளையாதலின், அவர் தாயார் சுசீலா அம்மையார் ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பர். பரிசுகள் குவிந்தன. முடிவில் நிகழ்ச்சியை நடத்தியோர் அச்சிறுவனை நூலகத்துக்கு அழைத்து, வேண்டிய நூல்களையெல்லாம் எடுத்துக்கொள்ளுமாறும், இனி விடை அனுப்ப வேண்டாம் என்றும் கூறினராம். கேட்பவருக்கு நகைப்பு வரலாம். ஆயின் அதில் நுண்ணிய நீதி அடங்கியிருக்கிறது. வல்லவனைத் தடுத்து வருத்தாமல், அவன் பசிக்கு உணவையும் கொடுத்து, மற்றப் பிள்ளைகளுக்கும் வழியைத் திறந்துவிட்டனர். சபையை நடத்துவது என்பது இதுவன்றோ?

சபைக்கு அடுத்த தூண் பதிவு. மலையகத்தார்க்குப் பதிவின் அருமையை எடுத்துக் கூற வேண்டியதில்லை. பிரட்டுக்களத்தில் கூடி, மலைக்கு ஏறி, கொழுந்து பறித்து இறங்கிய உழைப்பு முழுவதும் செக்ரோலில் ஏறாவிட்டால் அந்நாள் இல்லாத நாளே. சதுரங்கமும் அவ்வாறே. பலகையின் நெடுக்கு வரிசைகளுக்கு எழுத்தும் குறுக்கு வரிசைகளுக்கு எண்ணும் இட்டமையால் அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தான் தோற்ற ஆட்டமும் செல்வமாகிறது. எங்கே பிழைத்தோம் என்பதை மறுநாள் திரும்பிப் பார்க்க முடிகிறது. வழக்குத் தீர்ப்பதற்கும் பதிவே சான்று. ஒரே நிலை மூன்று முறை வந்தது என்றோ, ஐம்பது நகர்வுகளாகக் காய் எதுவும் வெட்டப்படவில்லை, காலாளும் நகரவில்லை என்றோ கூறிச் சமநிலை கேட்பவர், எழுத்தைக் காட்டாமல் எதனைக் காட்டுவார்?

வானொலி நேயர்களுக்குப் பதிவின் பெருமையைக் காட்டும் செய்தி ஒன்று சிறப்பாக உவப்பளிக்கும். இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற 1945 செப்டம்பர்த் திங்களில் அமெரிக்காவும் சோவியத் நாடும் பத்துப் பலகைகளில் சதுரங்கம் ஆடின. ஒரு சாரார் நியூயார்க்கில், மறுசாரார் மாஸ்கோவில். ஒவ்வொரு நகர்வும் குறியீடாக மாற்றப்பட்டு வானொலி வழியே அனுப்பப்பட்டது. சோவியத் அணி பதினைந்தரைப் புள்ளியும் அமெரிக்க அணி நான்கரைப் புள்ளியும் பெற்றன. எதிரியின் முகத்தையே காணாமல் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து ஆடியோர், வந்த குறியீட்டை நம்பினர். பொதுவான சட்டமும் பிழையற்ற பதிவும் இருந்தமையால் அந்நம்பிக்கை இயன்றது.

இன்று அத்தூரத்தை இணையம் சுருக்கிவிட்டது. மஸ்கெலியாவில் ஒரு லயத்து அறையில் இருக்கும் பிள்ளையும் கையடக்கத் தொலைபேசியில் வேற்று நாட்டாருடன் ஆடலாம். வசதி பெருகிய அளவுக்குச் சோதனையும் பெருகியுள்ளது. அதே தொலைபேசியிலுள்ள கணிப்பொறி நிரல் உலக வாகையரையும் விஞ்சி ஆடவல்லது; அதனிடம் கேட்டு ஆடுவது வஞ்சகம். ஆதலின் முறையான போட்டிகளில் ஆடுவோர் தொலைபேசியை உடன் வைத்திருத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. வஞ்சகம் ஒருபுறமிருக்க, ஒருவர் குற்றமும் இல்லாமலே இடர் நேர்வதும் உண்டு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி ஒலிம்பியாட் நடந்தது. இறுதிச் சுற்றில் இணைப்பு அறுந்து இந்திய ஆட்டக்காரர் இருவர் நேரம் இழந்து தோற்றனர். இந்தியா முறையிட்டது. அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனம் ஆராய்ந்து, இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வாகையர் என அறிவித்தது. அம்முடிவை ஏற்றோரும் உளர். குறை கூறினோரும் உளர். ஆயினும் முறையிட ஓர் இடமும், கேட்டு முடிவு சொல்ல ஓர் அமைப்பும் இருந்தமையால் பலகை கவிழவில்லை என்பதே கருதத்தக்கது.

மீண்டும் ஹட்டனுக்கு வருவோம். சென்னையில் இயன்றது இங்கு இயலாதா என்னும் வினாவுக்கு, அளவிற் சிறிதாயினும் இயலும் என்பதே விடை. ஒரு பாடசாலைச் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை போதும். அதனை நான்காகப் பகுக்கலாம். முதற்பகுதியில் சட்டங்கள்: தொட்ட காயை ஆடுதல், ஆடுவோருக்கு அருகில் நிற்போர் வாய் திறவாமை, தோற்றவர் கை கொடுத்து எழுதல். இரண்டாம் பகுதியில் வாரம் ஒரு புதிர். விடைகள் மூடிய பெட்டியில் இடப்படும். வார இறுதியில் விளக்கம் வெளிவரும். மூன்றாம் பகுதியில் அவ்வாரம் ஆடப்பட்ட ஓர் ஆட்டத்தின் பதிவு. வென்றவரின் ஆட்டமாகவே அது எப்போதும் இருத்தல் கூடாது. தோற்றவர் இசைந்தால் அவர் எவ்வாறு போராடினார் என்பதும் இடம்பெற வேண்டும். நான்காம் பகுதியில் ஐயமும் விடையும். கேட்கத்தகாத கேள்வி என்று எதனையும் ஒதுக்கலாகாது. முன்னமே விடை கூறப்பட்டதாயின், பழைய விடைகளைச் சேர்த்து வைத்த குறிப்பேட்டைக் காட்டினால் போதும். "இதுகூடத் தெரியாதா" என்னும் ஒரு சொல் பத்துப் பிள்ளைகளின் வாயை அடைத்துவிடும்.

எதனை இடுவது என்று அறிவதைப் போலவே எதனை நீக்குவது என்று அறிவதும் காவலரின் கடன். ஒருவரை எள்ளி நகையாடும் எழுத்து பலகையில் ஒரு மணி நேரமும் நிற்கலாகாது. "இன்னார் வஞ்சித்தார்" என்னும் குற்றச்சாட்டு காவலரின் செவிக்குச் செல்ல வேண்டியது. சுவருக்குச் செல்ல வேண்டியதன்று. நீக்கியவர், ஏன் நீக்கினார் என்பதை எழுதியவரிடம் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். காரணம் கூறாத அதிகாரம் நல்ல நோக்கத்தோடு செய்யினும் ஐயத்தையே விளைக்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பறித்தவரும் தராசின் முள்ளைக் காணவேண்டும் என்று மலையகத்தார் கேட்பது எதற்காக? எடை சரியாயிருந்தால் மட்டும் போதாது. அது சரியாயிருப்பதை உழைத்தவர் தம் கண்ணால் காணவும் வேண்டும். சபைக்கும் அந்நீதியே உரியது.

இன்னும் ஒன்று. காவலர் ஒருவரே என்றென்றும் இருத்தல் இயலாது. ஆசிரியர் இடமாற்றம் பெறுவார். மாணவர் பரீட்சை எழுதி வெளியேறுவர். குறிப்பேட்டை எழுதவும் ஜோடி சேர்க்கவும் நடுவராய் நிற்கவும் இளைய மாணவர் இருவர் மூவரைப் பழக்கிவிடின், ஒருவர் சென்ற பின்னும் சபை நிற்கும். ஆடுவதில் பின்தங்கிய பிள்ளை இப்பணியில் சிறந்து விளங்குவதும் உண்டு. பேருந்தைப் பிடிக்க முன்னதாகவே புறப்பட வேண்டிய பிள்ளையின் ஆட்டம், பதிவு இருப்பதால், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முன்னர்க் கண்ட அம்மாணவியை மறுபடியும் எண்ணுவோம். பலகை கவிழ்ந்த அன்று சுவரில் அச்சட்டம் எழுதப்பட்டிருந்தால், ஒரு சிறுவனாவது எழுந்து அதனைச் சுட்டிக் காட்டியிருந்தால், மாணவன் முணுமுணுத்துக்கொண்டேனும் குதிரையை ஆடியிருப்பான். ஒருவேளை அவனே வென்றுமிருக்கலாம். அதனால் என்ன? அடுத்த வாரம் மழையில் நனைந்தபடி அவள் வந்திருப்பாள். பலகைக்கு எதிரே அமர்ந்து, காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருப்பாள்.