தொழிலாளர் திடலில் பிறந்த கழகங்கள்

(ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் காற்பந்தைப் பற்றிப் பேச விழைகிறோம். பந்தைப் பற்றிப் பேசுவானேன், உதைத்தால் போதாதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், ஞாயிறு மாலையில் உங்கள் திடலில் உருளும் பந்துக்கும், பல்லாயிரவர் கூடிக் காணும் பெருங்கழகங்களின் பந்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் பெயரை அறியாத இளைஞர் இங்கு இரார். அதனைத் தோற்றுவித்தவர்கள் செல்வர்கள் அல்லர். 1878 ஆம் ஆண்டில், நியூட்டன் ஹீத் என்னும் இடத்தில் ரயில் பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள், வேலை போக எஞ்சிய பொழுதில் ஆடுவதற்காகத் தொடங்கிய குழுவே அது. 1902 இல் கடன்சுமையால் அழியும் நிலையை எய்தி, செல்வர் ஒருவரின் உதவியால் புதுப்பெயருடன் எழுந்தது. லண்டனின் அர்சனல் கழகமும் அத்தகையதே. 1886 இல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அதனைத் தொடங்கினர். ஆயுதச்சாலை என்பதே அப்பெயரின் பொருள்.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்பீர்களாயின், நம் ஜொகூரின் கதையைக் கேளுங்கள். இன்று ஜொகூர் டாருல் தாக்ஸிம் எனப் புகழ்பெற்று விளங்கும் கழகத்தின் வேர், 1972 இல் ஜொகூர் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் பெயரில் அமைந்த குழுவாகும். அந்நிறுவனம் செம்பனைத் தோட்டங்களிலும் ஈடுபட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. வேலைத்தலத்தின் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடிய குழுவே பிற்காலத்தில் நாட்டின் முதன்மைக் கழகமாயிற்று.

மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் குழுவோ அதற்கும் முற்பட்டது. மலாயா என்னும் பெயர்கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1921 இல் அன்பளித்த கிண்ணமே பின்னர் மலேசியக் கிண்ணமாயிற்று. அதனை வெல்ல ஜொகூர் 1985 ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. 1991 இல் மைக்கேல் உருகலோ என்னும் பயிற்றுநரின் கீழ், லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் கைக்கொண்டது. அதன் பின்னர் தளர்ச்சியும் வந்தது. நெடுங்காலம் லீக் பட்டமோ மலேசியக் கிண்ணமோ கிட்டவில்லை.

2012 இல் இளவரசர் துங்கு இஸ்மாயில் மாநிலச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். சிதறிக் கிடந்த வலிமை ஒருமுகமாயிற்று. 2013 இல் டாருல் தாக்ஸிம் என்னும் பெயர் வந்தது. 2014 முதல் 2023 வரை பத்து ஆண்டுகள் இடையறாது சூப்பர் லீக் பட்டம் கிட்டியது. 2015 அக்டோபர் 31 அன்று தாஜிகிஸ்தான் நாட்டுத் தலைநகர் துஷான்பேயில், இஸ்திக்லோல் குழுவை 1-0 என வென்று ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தைப் பெற்றது. தென்கிழக்காசியக் கழகம் ஒன்று அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை. அக்கழகத்தின் சட்டையணிந்து பல்லாண்டு ஆடியவர்களுள் எஸ். குணாளனும் ஒருவர். அவருக்கு முன்னரே, 1980 ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மலேசியாவின் கோல் வாயிலைக் காத்தவர் ஆர். ஆறுமுகம். நம்மவர்க்குத் திறமை இல்லை என்று எவரும் சொல்வதற்கில்லை.

ஆயின், திறமை தானே நடந்து நகரத்துக்குச் சென்றுவிடாது. இங்கு எங்கள் குற்றம் ஒன்றை நாங்களே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் தோட்டக் குழுவை நடத்தும் பொறுப்பு எங்களிடம் இருந்தது. காலையில் பால்மரம் வெட்டிவிட்டு, மாலையில் வெறுங்காலுடன் ஆடவரும் இளைஞன் ஒருவன் எங்களிடையே இருந்தான். அவன் இடக்காலில் பட்ட பந்து அவன் நினைத்த மூலைக்குச் செல்லும். மாவட்டத் தேர்வுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் குறுக்கே நின்றன. நாங்கள் ஆளுக்குச் சிறிது கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றோம். அடுத்த ஆண்டில் அவன் தோட்டத்திலேயே இல்லை. வேலை தேடி நகரத்துக்குச் சென்றுவிட்டான். அவன் எத்துணை உயர்ந்திருப்பான் என்பதை இனி எவராலும் அறிய இயலாது. அது இன்றும் எங்கள் நெஞ்சை உறுத்துகிறது.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. லயங்கள் வெறுமையாகின்றன. திடல்களில் புல் முழங்கால் உயரம் வளர்கிறது. திடல் அழிந்த இடத்தில் இளைஞரின் மாலைப்பொழுது எங்கே கழியும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆதலின் நாம் வேண்டுவன சிலவே. எஞ்சியுள்ள திடலைச் சுத்தமாக வைத்திருங்கள். மாதந்தோறும் ஆளுக்கொரு சிறு தொகை சேர்த்து, தேர்வுக்குச் செல்லும் பிள்ளையின் பயணச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அவனுடன் பெரியவர் ஒருவர் துணை செல்லட்டும். பெண்பிள்ளைகளுக்கும் திடலில் இடமளியுங்கள். பந்துக்காகப் பள்ளிப்பாடத்தைக் கைவிட எவரையும் விடாதீர்கள்.

ரயில் பெட்டி கட்டியவர்களுக்கும் ஆயுதம் வார்த்தவர்களுக்கும் கைகூடியது நமக்கும் கைகூடும். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்ற சொல்லை மட்டும் இனி நாம் சொல்லாதிருப்போம்.