ரேங்க் கார்டில் ஒரு கையெழுத்து



புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அது அரங்குளநாதர் ஊர். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அது ஒன்றியத் தலைமையிடம். வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், நெடுவாசல், வம்பன் என்று சுற்றியிருக்கிற பள்ளிக்கூடங்களெல்லாம் எங்களுக்கு ஒரே வீடு. இந்த ஒன்றியத்துப் பள்ளியில் அரிச்சுவடி படித்தேன். இங்கேயே டீச்சராகி, தலைமையாசிரியராகி, வருகிற மே 31-ஆம் தேதி பணி நிறைவு பெறுகிறேன். அதற்குப் பிறகு மகனோடு ஓசூரில் இருக்கப் போகிறேன். விடைபெறும் நேரத்தில் இந்த ஊர்த் தாய்மாரைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

நான் படித்த எழுபதுகளில், பரீட்சை முடிந்து ரேங்க் கார்டு கொடுத்தால், மறுநாள் அது கைநாட்டோடுதான் திரும்பி வரும். பெரும்பாலும் அப்பாவின் கட்டைவிரல். அம்மாவிடம் அந்த அட்டையை நீட்ட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு கற்பிக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த என்னைப் போன்றவர்கள் தொண்டர்களாகச் சேர்ந்தோம். சம்பளம் கிடையாது. அடுப்படி வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் பெண்கள் வருவார்கள். அரிக்கேன் வெளிச்சத்தில் பாடம். பகலெல்லாம் களை பறித்த விரல்கள் பல்பத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் தெரியுமா! ஒரு வரி எழுதுவதற்குள் பல்பம் உடைந்துவிடும். "எனக்கு இதெல்லாம் எங்க டீச்சர் வரும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த துண்டை எடுப்பார்கள்.

அதோடு சைக்கிளும் வந்தது. மாவட்டம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாக இருந்ததால், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்பாரில் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க்குடம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை, வடநாட்டில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சைக்கிளைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் நடந்ததை யாரும் பேசவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ரேங்க் கார்டுகளில் அம்மாக்களின் கையெழுத்து வரத் தொடங்கியது. எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கும். ஒரு எழுத்து மேலே, ஒன்று கீழே. பேனாவை அழுத்திய அழுத்தத்தில் அட்டையின் பின்பக்கம் தடவினால் பெயர் விரலில் தட்டுப்படும். கையெழுத்துப் போடத் தெரிந்த தாய் மார்க்கையும் பார்த்தாள். "கணக்குல ஏன் டீச்சர் கொறஞ்சிருக்கு?" என்று வாசலில் வந்து நின்றாள். அப்படி ஒருத்தி கேட்டுவிட்டால் மறுநாள் எந்த ஆசிரியரும் முன்னேற்பாடு இல்லாமல் வகுப்புக்குள் போக முடியாது. எங்களை நல்ல ஆசிரியர்களாக்கியதில் பயிற்சி வகுப்புகளைவிட அந்தக் கேள்விக்குத்தான் பங்கு அதிகம்.

எங்கள் பக்கம் பூ விவசாயம். மல்லிகை, முல்லை, காக்கரட்டான், சம்பங்கி எல்லாம் விடியுமுன் பறித்து கீரமங்கலம் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். தாய் இருட்டோடு கொல்லைக்குப் போய்விடுவாள். பிள்ளை வெறும் வயிற்றோடு வரும். காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கும்போது அதன் சட்டையெல்லாம் முல்லை வாசம் அடிக்கும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிவானபோது, என் பணிக்காலத்தில் வந்த ஆணைகளில் இதுதான் பெரியது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கஜா புயலையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16. தென்னையும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்தன. பள்ளி திறந்தபோது சில பிள்ளைகளிடம் புத்தகமே இல்லை, எல்லாம் நனைந்து கூழாகிப் போயிருந்தது. மரம் வைத்த தகப்பன்மார் திண்ணையில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர்கள் அம்மாக்கள்தான்.

இன்று என்ன நிலை? அன்று பல்பம் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளை வாசலுக்கே வந்து தனியார் பள்ளி வேன் ஏற்றிப் போகிறது. நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். தனக்குக் கிடைக்காத இங்கிலீஷ் பேரனுக்குக் கிடைக்கட்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் அதனால் சின்னஞ்சிறு கிராமங்களில் நம் பள்ளி இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்று சுருங்குகிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டக் கணக்கு. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால், ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். பிள்ளை குறைய ஆசிரியர் குறைவார்; ஆசிரியர் குறைந்தால் இருக்கிற பிள்ளையும் வேனுக்குப் போகும்.

இதைத் தடுக்க அம்மாக்களால் முடியும். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆசிரியர் காலியிடம், ஒழுகும் ஓடு, தண்ணீர் வராத கழிப்பறை எதுவானாலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். தலைமையாசிரியர் ஒருத்தி எழுதும் கடிதத்தைவிட, ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் கையெழுத்திட்ட தீர்மானத்துக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம். நான் கண்ணால் பார்த்தது இது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வாருங்கள் ஆத்தா. எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாசிக்காமல் போடாதீர்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை நடக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டம். என் நாற்காலிக்கு வரப்போகிறவர் உங்களுக்குப் புதியவராக இருப்பார். பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அவரிடமும் அந்தக் கணக்கு மார்க்கைப் பற்றிக் கேளுங்கள்.