நம் பள்ளிக்கு இரு நூல்கள்



1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறுநூல். தமிழ் எழுத்தில் அச்சாகி நம் கைக்கு எட்டியவற்றுள் மிகப் பழையது. முத்துக்குளித்துறை மக்களிடையே தமிழ் கற்று, அவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லவே அதை ஆக்கினார். அதைக் கற்றோர் அனைவரும் ஒரே விசுவாசத்தார். நம் பள்ளியிலோ இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள்.

அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் இசைவின்றி எப்பிள்ளையையும் மறைக்கல்வி வகுப்பில் அமர்த்தலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. சட்டமே இல்லாவிடினும் நமக்கு அது தகாது; விசுவாசத்தில் கட்டாயம் கூடாதென 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அறிக்கையிட்டது.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நூல், எல்லாருக்கும் நன்னெறி நூல் என இரண்டு வேண்டும். பின்னதுதான் கடினம். அட்டை மாற்றிய ஞானோபதேசத்தைக் கொடுத்தால் எந்தத் தாயும் அன்று மாலையே கண்டுகொள்வாள். பிறகு நம்மை நம்பிப் பிள்ளையை அனுப்புவாளா? ‘பொய் சொல்லாதே’ என்று மட்டும் எழுதினாலோ பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். கடைக்காரர் தவறி அதிகம் தந்த சில்லறையை என்ன செய்வாய் என்று கேளுங்கள், வகுப்பே வாய் திறக்கும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஓராண்டு ஒரு வகுப்பில் நடத்திப் பார்ப்போம். கையெழுத்துப் படியைப் பிற சமயப் பெற்றோர் சிலரிடமும் கொடுப்போம். அவர்கள் கோடிடும் வரிகளைத் திருத்திய பின்பே அச்சகம் செல்வோம்.