வட்டமாக உட்கார்ந்தால் குழு ஆகிவிடுமா?

தொலைக்காட்சிக்கு வந்த புதிதில் எங்களுக்குச் சொல்லித் தருவது, நிகழ்ச்சியில் மௌனம் விழக்கூடாது என்பதுதான். விருந்தினர் மூன்று விநாடி யோசித்தாலும் நாங்கள் புகுந்துவிடுவோம். சமூகப்பணி மாணவர்களுக்கோ நேர்மாறான பாடம். குழு மௌனமாக இருந்தால் பொறுத்துக்கொள் என்கிறார்கள்.

சிங்கப்பூரில் சமூகப்பணிக் கல்வி 1952ல், இங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தனி ஆளுக்கு உதவுவது, குழுவோடு பணியாற்றுவது, வட்டார மக்களைத் திரட்டுவது எல்லாமே இதில் அடங்கும். எனக்கு மலைப்பாகத் தெரிவது குழுதான்.

மறதி நோயுள்ள முதியவர்களைப் பராமரிக்கும் எட்டுப் பேர் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அம்மா, "நேத்து மாமியாரை அடிச்சிட்டேன்" என்று அழுகிறார். பயிற்சிக்கு வந்த மாணவி அவர் பக்கம் திரும்பி ஆறுதல் சொல்லத் தொடங்கினால், மற்ற ஏழு பேரும் வேடிக்கை பார்ப்பவர்கள் ஆகிவிடுவார்கள். பழகியவர், "வேறு யாருக்காவது இப்படிக் கை ஓங்கியிருக்கிறதா?" என்று எல்லாரையும் கேட்பார். யாரும் பேசமாட்டார்கள். அங்கேதான் பொறுக்கவேண்டும். "எனக்கும்" என்று ஒருவர் முணுமுணுத்தால், அந்த அம்மாவுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் ஏது? அதற்காக மாமியாரை மறந்துவிட முடியாது. ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க இயலாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லி வைக்கவேண்டும்.

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் வராது. வகுப்பில் சிலர் உறுப்பினர்களாக நடிக்க, ஒருவர் குழுவை நடத்துவார். நடுவில் சண்டை வந்தால் நடத்துபவருக்கு வியர்த்துவிடும். புரூஸ் டக்மன் 1965ல் எழுதிய கட்டுரையில், கூடியபின் மோதுவதும் குழு வளரும் கட்டங்களில் ஒன்று என்றார். இதைத் தெரிந்துகொண்ட மாணவர் அவசரப்பட்டுச் சமாதானம் செய்யமாட்டார். (ஒப்படைப்பு வேலை முழுவதையும் ஒருவர் தலையில் கட்டும் மாணவர் குழுக்களும் உண்டு. அதுவும் நல்ல பாடம்தான்!)

முடிந்தபின் ஒரு பயிற்சி உண்டு. வட்டம் வரைந்து, யார் யாரிடம் பேசினார் என்று கோடு போடவேண்டும். எல்லாக் கோடும் நடத்துபவரிடமே போனால், அங்கே குழு இன்னும் உருவாகவில்லை.

போன வாரம் என் நிகழ்ச்சி ஒன்றின் பதிவைப் போட்டு, நானும் கோடு போட்டுப் பார்த்தேன். நான்கு விருந்தினர்கள். அத்தனை கோடும் என்னிடம்தான் வந்து நின்றன.