பொதுச்சுவர்

மாணவ நண்பர்களே, என் குரல் இப்போது உங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் விரும்பியே கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால், அடுத்த வீட்டாரும் தம் விருப்பமின்றியே இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் அல்லவா? அவர் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே நிற்பது ஒரே சுவர். அந்தச் சுவரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன்.

சுவரைப் பகிர்ந்து வாழ்வது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பகுதியின் பழைய தெருக்களில் வரிசையாக நிற்கும் வீடுகள் பல, பக்கச் சுவரைப் பொதுவாகக் கொண்டவை. சென்னையில் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரே வாசலுக்குள் ஐந்தாறு குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்திய காலம் உண்டு. அங்கே மறைவு என்பதே இல்லை. ஒரு குழந்தை அழுதால், அது பசியால் அழுகிறதா, அடிபட்டு அழுகிறதா என்பது எல்லாருக்கும் தெரியும். ஒலி மிகுதிதான், ஆனால் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு முகம் இருந்தது. இன்றைய அடுக்குமாடி வீட்டிலோ ஒலி மட்டும் வருகிறது, முகம் வருவதில்லை. மூன்றாண்டு வாழ்ந்தும் சுவருக்கு அப்பால் இருப்பவரின் பெயரை அறியாதவர் பலர். நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன்.

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் குடியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிக்கும் அறையின் சுவர்தான் அடுத்த வீட்டின் கூடத்துச் சுவர். நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு அங்கே தொலைக்காட்சி தொடங்கும். நால்வர் ஒரே நேரத்தில் வாதிடும் செய்தி விவாதங்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியாது. ஓர் உறுமல் மட்டும் பதினொரு மணி கடந்தும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். சொல் புரிந்திருந்தாலாவது செய்தி அறிந்த பயன் இருந்திருக்கும்! மகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாள். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, ஒன்றும் பேசாமல் அழுதாள்.

அன்றிரவு நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூசுகிறேன். சமையலறையிலிருந்த பூரிக்கட்டையை எடுத்துவந்து, சுவரில் ஓங்கி மூன்று முறை அடித்தேன். தொலைக்காட்சி அடங்கவில்லை. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு படுத்தேன்.

மறுநாட் காலையில் அந்த வீட்டு அம்மாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டார். எழுபத்தைந்து வயதிருக்கும். "தம்பி, நேற்றிரவு ஆணி அடித்தீர்களோ? படம் மாட்டுவதானால் பகலில் செய்யலாமே" என்றார். என் சினம் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. ஆணி அடிக்கும் ஓசைதான் சேர்ந்திருந்தது. "இல்லையம்மா, தொலைக்காட்சியின் சத்தம் தாங்காமல் நான்தான் தட்டினேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது. "உள்ளே வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

கூடத்தில், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற அவருடைய கணவர் சாய்வுநாற்காலியில் இருந்தார். வயது எண்பத்திரண்டு. தொலைக்காட்சி எங்கள் பொதுச்சுவரிலேயே மாட்டப்பட்டிருந்தது. பெரியவரின் நாற்காலி அதற்கு எதிரே பன்னிரண்டடி தள்ளிக் கிடந்தது. அவருக்குக் காது மந்தம். இரவெல்லாம் அவருக்குத் துணையாக விழித்திருந்துவிட்டு அம்மாள் கண்ணயர்வதே மூன்று மணிக்கு மேல்தானாம். பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னார்: "உங்கள் வீட்டு மிக்ஸி விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடுகிறது, தம்பி. சமையல் மேடையே என் தலைமாட்டில் வந்து நிற்பதுபோல் இருக்கும். பிள்ளை பள்ளிக்குப் போகிறதே என்று நான் ஒன்றும் சொன்னதில்லை."

நண்பர்களே, அன்று வெட்கத்தோடு வீடு திரும்பினேன். வெட்கம் ஒருபுறம் இருக்க, இந்தச் சுவர் எப்படி வேலை செய்கிறது என்று அறியும் ஆவலும் எழுந்தது. இயற்பியல் படித்தவனாயிருந்தும் அதுவரை அதை எண்ணிப் பார்த்ததில்லை.

ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் குறிக்கிறோம். இது கூட்டல் கணக்கன்று, பெருக்கற் கணக்கு. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் செவிக்கோ ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றுகிறது. இருவர் இயல்பாகப் பேசும்போது எழும் ஒலி சுமார் 60 டெசிபெல். இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கற்சுவர் ஏறக்குறைய 45 டெசிபெல்லைத் தடுக்கவல்லது. எனவே, 60இல் எஞ்சுவது 15. அது நம் அறையின் மின்விசிறி ஓசையில் மறைந்துவிடும். தொலைக்காட்சி 85 டெசிபெல்லில் முழங்கினால் எஞ்சுவது 40. உறங்கும் அறையில் 30 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

இன்னொன்றும் உண்டு. கனத்த சுவர் உச்சசுருதி ஒலிகளை நன்றாகத் தடுக்கும்; தாழ்சுருதி ஒலிகளை அவ்வளவாகத் தடுக்காது. முதுமையில் செவி இழப்பதோ உச்சசுருதியைத்தான். உயிரொலிகள் கேட்கும், மெய்யொலிகளின் கூர்மை நழுவும். ‘பத்து’ என்பதும் ‘பட்டு’ என்பதும் ஒன்றாகிவிடும். ஆகவே, பெரியவர் சொற்களைப் பிடிப்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். அவருக்கு வேண்டிய பகுதியைச் சுவர் நிறுத்திவிட்டு, அவருக்குப் பயன்படாத உறுமலை எங்களிடம் அனுப்பியது. சுவரைக்காட்டிலும் பொல்லாத தூதன் வேறு உண்டோ?

சுவரைத் தடிப்பாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். நாலரை அங்குலத்தை ஒன்பது அங்குலமாக்கினால், அதாவது கனத்தை இரட்டித்தால், நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஐந்தாறு டெசிபெல் மட்டுமே. மேல்தளங்களில் நினைத்த இடத்தில் செங்கல் அடுக்கவும் முடியாது; தளம் அந்தச் சுமையைத் தாங்கவேண்டும். மேலும், சுவர் எவ்வளவு தடித்திருந்தாலும் ஒரு துளை அதன் பெருமையைக் கெடுத்துவிடும். பத்தடிக்குப் பத்தடிச் சுவரில் ஒரு சதுர அடித் திறப்பு இருந்தால், நூற்றில் ஒரு பங்கு ஒலி தடையின்றிப் புகும். அந்தச் சுவர் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. இருவீட்டு மின்விசைப் பெட்டிகளையும் முதுகோடு முதுகாகப் பதித்தால் இதே தொல்லைதான். பல வேளைகளில் குற்றவாளி சுவரே அன்று. இரு வீட்டிலும் திறந்து கிடக்கும் சன்னல்கள். சென்னையின் கோடையில் அவற்றைச் சாத்துங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சுவரில் முட்டை அட்டைகளையும் தெர்மாகோலையும் ஒட்டும் மாணவர்களைக் கண்டிருக்கிறேன். ஒலியை உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியரிடம் ஒரு விரிவுரை மண்டபத்தின் எதிரொலியைச் சீர்செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. பேசிய சொல் ஐந்து வினாடிக்கு மேல் அங்கே ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, எதிரொலி குறைவதை அளந்தார். கட்டட ஒலியியல் என்னும் துறை அத்திண்டுகளிலிருந்து பிறந்தது எனலாம். திண்டும் திரைச்சீலையும் அறைக்குள் எழும் எதிரொலியைத் தணிக்கும். அடுத்த வீட்டிலிருந்து வருவதை நிறுத்த மாட்டா. அதற்குக் கனம் வேண்டும்.

பணம் செலவிட்டுச் சுவரோடு போராடித் தோற்றவர்களுள் புகழ்பெற்றவர் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் கார்லைல். இலண்டனில் செல்சிப் பகுதியில், ஒன்றையொன்று ஒட்டிய வரிசை வீடுகளுள் ஒன்றில் அவர் வாழ்ந்தார். அண்டை வீட்டுச் சேவல்களும் பியானோவும் அவர் எழுத்தைக் குலைத்தன. 1853இல் வீட்டின் உச்சியில் இரட்டைச் சுவர்களுடன் ஒலிபுகா அறை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அண்டை வீட்டு ஓசை சற்றுக் குறைந்தவுடன், அதுவரை கேளாதிருந்த தொலைதூர ஓசைகள் கேட்கலாயின! அந்த அறை அவருக்கு அமைதி தரவில்லை. அவருடைய மனைவி ஜேன் கார்லைலோ அண்டை வீட்டாருடன் பேசிச் சேவல்களை அகற்றச் செய்ததுண்டு. கணவர் கட்டிய இரட்டைச் சுவரைவிட மனைவியின் பேச்சு மிகுதியான டெசிபெல்லைத் தடுத்தது என்பது என் கணிப்பு.

இனி எங்கள் மிக்ஸிக்கு வருகிறேன். பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். கையில் பிடித்தால் அதன் ஒலி மெலிதாகக் கேட்கும். அதன் காம்பை மேசையில் ஊன்றினால் மேசை முழுதும் அதிர்ந்து உரக்க ஒலிக்கும். எங்கள் சமையல் மேடையின் கற்பலகை பொதுச்சுவருக்குள் பதிக்கப்பட்டிருந்தது. மிக்ஸியின் அதிர்வு கல்லில் இறங்கி, கல்லிலிருந்து சுவருக்குப் போய், சுவர் முழுவதும் ஒரு பெரிய மேசையாக அந்த அம்மாளின் தலைமாட்டில் முழங்கியிருக்கிறது. காற்றில் வரும் ஒலியைச் சுவர் தடுக்கும். தன் உடம்பிலேயே ஏறிவிட்ட அதிர்வை அது சுமந்தே செல்லும். இடிகல், நாற்காலி இழுத்தல், கதவை அறைதல் ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மருந்து பிறக்குமிடத்திலேதான் உண்டு. மிக்ஸியைச் சுவரைத் தொடாத மர மேசைக்கு மாற்றி, அடியில் தடித்த ரப்பர் விரிப்பை இட்டோம். சட்டினிக்கு அரைப்பதை ஏழு மணிக்குத் தள்ளிவைத்தோம். செலவு முந்நூறு ரூபாய்க்கும் குறைவு.

பெரியவரின் வீட்டில் தொலைக்காட்சியை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். அதன் தாழ்சுருதியைக் குறைத்து உச்சசுருதியைக் கூட்டினோம். ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கம்பி நீட்டி, அவர் நாற்காலியின் கைப்பிடியருகே வைத்தோம். திறந்த வெளியில், ஒலி பிறக்கும் இடத்துக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். இரண்டாம் செங்கற்சுவர் ஒன்று தடுக்கும் அளவு அது. அறைக்குள் எதிரொலி கலப்பதால் அவ்வளவு முழுமையாகக் கிடைக்காது. ஆயினும், பன்னிரண்டடி ஒன்றரையடியாகச் சுருங்கியபோது பெரியவர் ஒலியைத் தாமே பாதிக்கும் கீழே குறைத்தார். "இப்போதுதானப்பா ஒருவன் பேசுவது ஒருவனாகக் கேட்கிறது" என்றார். என் மகளின் அறையில் உறுமல் நின்றது. தேர்வுக்கு அப்போது இருபது நாளே இருந்தன.

சட்டம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. வரம்பை 10 டெசிபெல் மிஞ்சினால் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். தன் வீட்டுக்குள்ளேயாயினும், எல்லை கடந்து அயலாரை வருத்தும் ஓசையை எழுப்ப எவருக்கும் உரிமையில்லை என்பது 2005இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் கருத்து. சொல்லியும் கேளாமல், இரவெல்லாம் பெட்டி வைத்துப் பாட்டு முழக்குவோரிடம் இவ்விதிகளைக் காட்டத் தயங்கவேண்டியதில்லை. எல்லா ஓசையும் இன்சொல்லால் அடங்கிவிடும் என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளியல்லன். ஆனால் ஒன்று: இவ்விதிகளில் இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. ஐந்து மணிக்கு ஓடிய எங்கள் மிக்ஸியும் இரவில் ஓடியதாகவே கணக்கு. வழக்குக்குப் போயிருந்தால் நானும் கூண்டில் நின்றிருப்பேன்.

பேசப் போகும்போது, கோபம் மூண்ட இரவில் போகாதீர்கள், பகலில் போங்கள். குழுச் செய்தியில் பத்துப் பேர் பார்க்க எழுதாதீர்கள். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்காமல், "பத்து மணிக்கு மேல் பிள்ளை படிக்கிறாள்" என்று நேரத்தைச் சொல்லுங்கள். கூடவே, "எங்கள் வீட்டு ஓசை ஏதேனும் உங்களுக்குத் தொல்லையா?" என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும் நாம் எதிர்பாராததாக இருக்கும்.

மகள் தேர்வெழுதி முடித்துக் கல்லூரிக்கும் போய்விட்டாள். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் இரவு இரண்டு மணியிருக்கும். சுவரில் மூன்று தட்டுகள் கேட்டன. இம்முறை நான் ஆணியென்று எண்ணவில்லை. பெரியவர் குளியலறை வாயிலில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். அம்மாளால் அவரைத் தனியே தூக்க இயலவில்லை. கைபேசி எங்கே வைத்தோம் என்பதும் அந்தப் பதற்றத்தில் அவருக்கு நினைவு வரவில்லை. 108 ஊர்தியை அழைத்தோம். தொடையெலும்பு முறிந்திருந்தது. அறுவை முடிந்து ஒரு மாதத்தில் அவர் வீடு திரும்பினார்.

இப்போது கைத்தடி ஊன்றிக் கூடத்தில் நடக்கிறார். தடியின் நுனி தரையில் படும் ஓசை சுவர் வழியே எங்களுக்குக் கேட்கிறது; கேட்காத நாளில் போய்ப் பார்த்துவருகிறோம். கீழ்த்தளத்தாருக்கு அது இன்னும் உரக்கக் கேட்குமே என்று, தடியின் நுனிக்கு ரப்பர்க் குமிழ் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறேன்.