தனியொருவர் தொழிலும் நம்பிக்கை என்னும் முதலும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இளைஞர்க்குத் தொழில் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். பொதுவான அறிவுரைகளை அடுக்குவதினும், நம்மை நாடி வந்த ஒரு கேள்வியையும் அதற்கு நாம் தந்த விடையையும் எடுத்துரைப்பது பயன் தரும் எனக் கருதுகின்றோம்.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று சென்னையில் மென்பொருள் எழுதும் பணியில் உள்ளார். சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லம் வந்தவர், "ஐயா, சமையற்குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் மென்பொருள் ஒன்றை இரவு வேளைகளில் தனியாகவே எழுதி வருகின்றேன். வேலையை விட்டுவிட்டு இதனையே தொழிலாகக் கொள்ளலாமா?" என்று கேட்டார். உலகில் எத்தனையோ பொருள் இருக்கச் சமையலை ஏன் எடுத்தீர் என்று வினவினோம். "எங்கள் அம்மாவின் கைப்பக்குவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஐயா" என்றார். அவ்விடை நம் நெஞ்சைத் தொட்டது. ஆயினும் அக்குடும்பத்தில் மாதச் சம்பளம் பெறும் முதல் மனிதர் அவரே. தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அச்சம்பளத்திலிருந்தே செல்கின்றது. ஆகவே உடனே விடை கூற நம் நா எழவில்லை. ஒரு வாரம் தவணை பெற்று, இத்தொழிலின் வரலாற்றையும் வரவு செலவையும் படித்தறிந்தோம். நாம் அறிந்தவை இவை.

கணிப்பொறியில் சமையற்குறிப்பை வைக்கும் எண்ணம் புதியதன்று. 1969ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனத்தின் 'சமையலறைக் கணிப்பொறி' என்னும் இயந்திரம், நெய்மன் மார்க்கஸ் என்னும் அங்காடியின் விலைப்பட்டியலில் இடம்பெற்றது. விலையோ 10,000 டாலருக்கும் மேல்! அதனுடன் பேசுவதற்குப் பொத்தான்களை மேலும் கீழும் தள்ளி, எரியும் விளக்குகளைப் படித்தறிய வேண்டும். அவ்வியந்திரம் ஒன்றேனும் எவர் வீட்டுச் சமையலறைக்கும் விற்றதாகச் சான்று இல்லை. அதனைப் படைத்தோர் இயந்திரத்தை அறிந்திருந்தனர், அடுப்படியை அறிந்திலர். இத்தொழிலின் முதற்பாடம் இதுவே.

அடுப்படியை அறிவது எளிதன்று. நான்கு பேருக்குரிய குறிப்பை எட்டுப் பேருக்கு மாற்றினால் அரிசி இரு மடங்காகும்; வேகும் நேரம் இரு மடங்காகாது. மூன்று முட்டை கொண்ட குறிப்பைப் பாதியாக்கினால் ஒன்றரை முட்டைக்கு எங்கே போவது? அமெரிக்க மேசைக்கரண்டி ஏறத்தாழ 15 மில்லி லிட்டர். ஆஸ்திரேலிய மேசைக்கரண்டியோ 20 மில்லி லிட்டர். 'ஒரு கைப்பிடி', 'தேவையான அளவு' என்பவற்றை எந்த எண்ணில் அடக்குவது? இவற்றையெல்லாம் ஒருவரே சிந்தித்து, ஒருவரே எழுதி, ஒருவரே பிழை களைய வேண்டும். தனியொரு நிரலரின் உழைப்பு இத்தகையது.

பிறருடைய சமையற்குறிப்பைச் சேர்ப்பது சட்டப்படி சரியா என்பதும் நம் மாணவரின் ஐயம். தயிர் கொண்டு செய்யும் உணவுகள் பற்றிய ஒரு வழக்கில், 1996இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சேர்பொருள்களின் பட்டியலும் வெறும் செய்முறையும் பதிப்புரிமைக்கு உட்படா என்று கூறியது. ஆயினும் ஒருவர் தம் நடையில் எழுதிய விளக்கமும் எடுத்த படமும் அவருடைய உடைமையே. எனவே வாங்கியவர் தமக்கெனச் சேமிக்க உதவுவது வேறு. பிறர் எழுத்தையும் படத்தையும் நாமே அள்ளி விற்பது வேறு. இவ்வேறுபாட்டை மறவாதீர்.

அடுத்து, விற்பனைக்கு வருவோம். 1982இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஐ.பி.எம். நிறுவன ஊழியரான ஜிம் நாஃப் என்பவர், தம் தேவாலயத்தின் முகவரிப் பட்டியலுக்காக எழுதத் தொடங்கிய நிரலை வளர்த்துப் பரப்பினார்; அது பின்னர் 'பி.சி. ஃபைல்' எனப் பெயர் பெற்றது. எவரும் படியெடுத்துக் கொள்ளலாம். பயன்பட்டால் 10 டாலர் அனுப்புக என்று கேட்டார். நம்பிக்கையை நம்பிக்கையால் விலை பேசிய முறை அது. பணம் வந்து குவிந்தது. ஆயினும் அவர் உடனே வேலையைத் துறந்தாரா? இல்லை. பகலில் அலுவலகமும் மாலையில் சொந்தத் தொழிலுமாக உழைத்து, வருவாய் நிலைபெற்ற பின்னரே, 1984இல் வெளியேறினார்.

பின்னர்க் கைப்பேசிக் காலம் வந்தது. 2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் 'ஆப் ஸ்டோர்' அங்காடியைத் திறந்தபோது, விற்கும் விலையில் 30 விழுக்காட்டைத் தனக்கென எடுத்துக் கொண்டது. 2021 முதல், ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்கு மிகாத சிறு தொழிலர் பதிவு செய்து கொண்டால் 15 விழுக்காடே பிடிக்கின்றது. அங்காடியில் இடம் பெற ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம் உண்டு.

இளைஞர்களே, இங்கே ஒரு கணக்குப் போடுவோம். மென்பொருளின் விலை 5 டாலர் என்க. 15 விழுக்காடு போக நம் கைக்கு வருவது 4 டாலர் 25 சென்ட். முதலில் வாங்கும் 24 பேர் தரும் பணம் ஆண்டுக் கட்டணத்திற்கே சரியாகிவிடும். மாதம் 400 டாலர் வேண்டுமெனில், ஒவ்வொரு மாதமும் 95 புதியவர்கள் வாங்க வேண்டும். வாங்கியவர் மறுமுறை வாங்கார். ஆனால் ஆண்டுதோறும் கைப்பேசியின் இயக்க முறை மாறும்போது, பழைய வாடிக்கையாளர்க்காகவும் நாம் உழைத்தே ஆகவேண்டும். அதனாலன்றோ பலர் ஆண்டுச் சந்தா முறையை நாடுகின்றனர்! சந்தா கேட்டால் மக்கள் முகம் சுளிப்பர். கேளாவிட்டால் உழைப்பவர் வயிறு காயும். இவ்விரண்டிற்கும் இடையே நேர்மையான வழி காண்பது நிரல் எழுதுவதினும் கடினம்.

இத்தனை இடர் இருந்தும் வென்றோர் உளர். நியூசிலாந்து நாட்டின் டெவின் டேவிஸ் என்பவர் தனியாக உருவாக்கிய 'க்ரூட்டான்' என்னும் சமையற்குறிப்பு மென்பொருள், 2024இல் ஆப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்பு விருதைப் பெற்றது. மாவு பிசைந்த கையால் கைப்பேசியைத் தொட இயலாதே! அம்மென்பொருளிலோ கண் சிமிட்டினால் அடுத்த படிநிலைக்குச் செல்லலாம். 1969இல் பெரு நிறுவனம் காணத் தவறிய சமையற்காரரின் கையை, ஒரு தனி மனிதர் கண்டார். அதுவே அவர் பெருமை.

இனி நம் உரையின் உயிரான பகுதிக்கு வருகின்றோம். கணிப்பொறிகள் 'டாஸ்' இயக்க முறையில் ஓடிய காலத்தில், 'மீல் மாஸ்டர்' என்னும் சமையற்குறிப்பு நிரல் அமெரிக்காவில் பரவலாக வழங்கியது. அந்நிரலின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அதில் சேர்த்த குறிப்புகள் அழியவில்லை. ஏன்? அவற்றை எவரும் படிக்கக்கூடிய எளிய எழுத்து வடிவில் வெளியே எடுக்க வழி இருந்தது. பின்வந்த நிரல்கள் பல அவ்வடிவத்தைப் படித்து ஏற்றுக் கொண்டன. இதனை எண்ணிப் பாருங்கள். வாங்குபவர் நம்மிடம் ஐந்து டாலர் மட்டும் தருவதில்லை; மறைந்த தாயின் குழம்பையும் பாட்டியின் பலகாரத்தையும் நம் கையில் ஒப்படைக்கின்றார். தனி நிரலர் நோயுற்றால், சலிப்புற்றால், தொழிலைக் கைவிட்டால், அவை என்னாகும்? பெரிய நிறுவனத்திற்குக் கட்டடம் உண்டு, பெயர் உண்டு, பணம் உண்டு. தனியொருவர்க்கு உள்ள முதல் நம்பிக்கை ஒன்றே.

நம்மவர் கை சமைத்ததை உண்ண மறுத்த ஊர்களை நாம் அறிவோம். இத்தொழிலில் வாங்குவோர் எழுதியவர் யார் என்று கேட்பதில்லை; வேலை செய்கின்றதா என்றே கேட்கின்றனர். அது நமக்கு ஒரு திறந்த வாயில். ஆயினும் அவ்வாயிலில் நுழைவதற்கு, கையிலுள்ள சோற்றைக் கொட்டிவிட்டு ஓட வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்து வந்த மாணவரிடம் மூன்று செய்திகள் கூறினோம். ஒன்று, பன்னிரண்டு மாத வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதுக. அக்கணக்கு தங்கையின் கட்டணத்தையும் தாங்கும் என்று காட்டும் வரை வேலையை விடற்க. இரண்டு, வாங்கியவர் எழுதும் குறைகளுக்கு வாரந்தோறும் தவறாது விடை எழுதுக. மூன்று, சேர்த்த குறிப்புகள் அனைத்தையும் எவரும் எப்போதும் வெளியே எடுத்துச் செல்லும் வழியை முதலில் அமைத்துவிட்டு, அதன்பின் விலை கூறுக.

அவர் சிறிது வாட்டத்துடனேயே சென்றார் என்பதை மறைக்க விரும்பவில்லை. சில மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்தார். வேலையில்தான் இருக்கின்றார். மூன்றாவது செய்தியை முதலில் நிறைவேற்றிவிட்டார். தம் தாயை அடுப்படியில் அமரவைத்து, ஒவ்வொரு பக்குவமாகக் கேட்டு எழுதினாராம். உப்பு எவ்வளவு என்று கேட்டதற்கு, "வாயில் வைத்துப் பார்த்துப் போடுடா" என்றாராம் அத்தாய். அளவு எழுதும் கட்டத்தில் அதுவரை எண் மட்டுமே எழுத முடிந்தது. அன்றிரவே அதனைத் திருத்தி, எந்தச் சொல்லையும் எழுதும்படி செய்துவிட்டார். இப்போது அத்தாயின் சொல் அப்படியே அக்கட்டத்தில் இருக்கின்றது. அதனைக் கைப்பேசியில் நமக்குக் காட்டியபோது அவர் முகத்தில் வாட்டம் இல்லை.

கற்ற கல்வியைக் கருவியாக்குங்கள், கணக்கைக் காவலாக்குங்கள், பிறர் ஒப்படைத்ததைக் கண்போல் காத்திடுங்கள்.